கூடைக்கு அடியில் வைத்தது

'வாழ்த்துகள்' என்று ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பமே பேயறைந்த மாதிரி நின்றதை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பூங்கொத்துப் படம் வேறு. எந்தப் புண்ணியவான் போட்டானோ. பின்கட்டில் சலவை மிஷின் ஓடி முடித்து, கதவைத் திற, கதவைத் திற என்று பீப் பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருக்கிறது. போய்த் திறக்க ஒருத்தருக்கும் கால் நகரவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் அந்த வீட்டு ஆள் இல்லை. லாண்டரியின் முன்பக்கத்தில், கண்ணாடிக் கதவை ஒட்டி, ஒரு தையல் மிஷின் போடுகிற அளவு இடத்தை வாடகைக்குப் பிடித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர்கள் துவைத்து உடைக்கிற பட்டன்களை நான் தைத்துக் கொடுப்பேன். கால்சட்டை நீளம் குறைப்பேன், கிழிசல் ஒட்டுவேன். தெருவுக்கே நான் 'பட்டன்'. லாண்டரிக்காரரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கூடப்பிறந்த உறவே அப்படி வந்துவிட்டது. அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு நான் பட்டன் அத்தை.

கூடை விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் ஒன்றும் விளங்காது. அந்த லாண்டரியில் அவசரத் துணி எப்போதும் கூடைக்கு அடியில்தான் போகும். யாராவது, "நாளைக்கு இன்டர்வியூ, சாயங்காலத்துக்குள்ள சட்டை வேணும்" என்று தலைதெறிக்க ஓடி வந்தால், அண்ணன் அந்தச் சட்டையை வாங்கிக் காலிக் கூடையின் அடியில் போட்டு, அதன்மேல் ஊர்ப்பட்ட துணியை அடுக்குவார். வந்தவர் பதறிப்போய் எட்டி எட்டிப் பார்ப்பார். காரணம் ரொம்பச் சாதாரணமானது. கூடை நிறைந்ததும் அதை அப்படியே தூக்கி இஸ்திரி மேஜைமேல் கவிழ்ப்பார்கள். அடியில் இருந்தது உச்சிக்கு வந்துவிடும். அண்ணி உச்சியிலிருந்து எடுத்துத் தேய்ப்பாள்.

இருபது வருஷம் இதையே செய்தால் மூளையும் கவிழ்ந்துவிடும் போலிருக்கிறது. சுவரில் உள்ள பலகையில் அன்றன்றைய வேலையை எழுதினாலும் அவசரமானது கடைசி வரியில் இருக்கும். வீட்டுக்குச் சாமான் சீட்டு எழுதினாலும் அப்படித்தான். ஒருமுறை நான் விவரம் தெரியாமல் நூல்கண்டு, ஜிப், ஊக்கு என்று எழுதி அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். மழை பிடித்துக்கொள்ளவே பாதியில் திரும்பிய மனுஷன், ஒரு பெட்டி ஊக்கை என்னிடம் நீட்டினார். "முக்கியமானதை வாங்கிட்டேன் பட்டன். மத்ததை நாளைக்குப் பாத்துக்கலாம்." நூல் இல்லாமல் அன்றைக்கு முழுக்க ஊக்கை வைத்துக்கொண்டு பல் குத்திக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நானும் அந்த வீட்டு வழக்கத்துக்கு வந்துவிட்டேன். எண் போட்டு எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கடையில் எண் என்றால் துணியில் குத்துகிற டோக்கன் எண். சீட்டில் ஒன்று, இரண்டு என்று போட்டால், ஒன்றாம் நம்பர் யார் சட்டை என்று தேடப் போய்விடுவார்கள்.

இனி பெண்ணைப் பற்றி. வீட்டில் பாப்பா, தெருவில் லேபிள். ஏழு வயதில் காலருக்குப் பின்னால் இருக்கிற லேபிளையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர். எந்தெந்த தேசத்துச் சட்டையெல்லாமோ வரும். புரியாத எழுத்தாக இருந்தால் ஒரு நோட்டில் பார்த்து வரைவாள். பாக்கெட்டில் கிடைக்கிற ரசீது, கடிதத் துண்டு, சினிமா டிக்கெட் எதையும் விடமாட்டாள். பதினைந்து வயதில் நாலு வகை எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது. ஒரு மொழியில் சரளமாகத் திட்டவும் தெரிந்தது.

அதோடு விட்டாளா? கறை. காபிக் கறையா, துருவா, மையா, ரத்தமா என்று முகர்ந்து பார்த்தே சொல்லுவாள். எதற்கு எதைப் போட்டால் போகும், ஏன் போகும் என்று பின்கட்டுச் சுவர் முழுக்கச் சாக்பீஸால் கிறுக்கி வைத்திருப்பாள். அப்புறம் பூச்சி. கம்பளித் துணியை அரிக்கிற பூச்சி இருக்கிறதே, அதன் புழுக்களை ஒரு பாட்டிலில் போட்டு, யாருடைய பழைய ஸ்வெட்டர் துண்டையோ ஆகாரமாக வைத்து, துணி காயப்போடுகிற அறையின் பரண்மேல் ரகசியமாக வளர்த்தாள். அதை அண்ணி கண்டுபிடித்த அன்று போட்ட கூச்சலில் நான் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டேன்.

"நம்ம பொழப்பைத் திங்கிற பூச்சிக்கு நீ சோறு போட்டு வளக்கிறியாடி?"

"அது எதுக்கு பருத்தியை விட்டுட்டு கம்பளியை மட்டும் திங்குதுன்னு பாக்கறேம்மா."

"பாத்து? வந்து கேட்டா சொல்லப்போறியா, இந்தா இந்தக் கோட்டைத் தின்னு, ருசியா இருக்கும்னு?"

கணக்கும் உண்டு. டோக்கன் எண்ணை யாராவது தப்பாகப் படித்து, ஒருத்தர் கால்சட்டை இன்னொருத்தர் வீட்டுக்குப் போய், மாதம் ஒரு சண்டை வரும். பதினாலு வயதில் அவள் எல்லா எண்ணுக்கும் கடைசியில் ஒரு எண்ணைக் கூடுதலாகச் சேர்த்தாள். முன்னால் இருக்கிற எண்களை ஏதோ கூட்டிப் பெருக்கி வருகிற எண். ஒன்றை மாற்றிப் படித்தால் கடைசி எண் ஒத்துவராது, உடனே பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு கால்சட்டைச் சண்டை நின்றது. அவளுடைய மாமா, அண்ணியின் தம்பி, வேனில் துணி கொண்டுபோய்க் கொடுக்கிறவர், அவளுக்கு ஒரு பெரிய கேக் வாங்கிக் கொடுத்தார். அடிவாங்குகிறவர் அவர்தானே.

பள்ளிக்கூடம் முடிந்தது. மொழி, வேதியியல், உயிரியல், கணக்கு நாலிலும் நல்ல மார்க். பிடித்தது சனி. "எதைப் படிக்கப் போற?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அழுக்குச் சட்டையைக் கொடுக்கும்போதே ஒரு புத்திமதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"லேபிள், பூச்சி படிச்சா எவன் வேலை குடுப்பான்? பூச்சியா குடுக்கும்?" என்பார் வேன் மாமா.

"மாமா, நீங்க வேன் ஓட்டறதுக்கு என்ன படிச்சீங்க?"

"நான் படிக்காததுனாலதான் ஓட்டறேன். பேச்சை மாத்தாத."

ஒருநாள் என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரித்தாள். பிரித்துவிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, வேலையைக் கெடுக்கிற?"

"அத்தை, ஒண்ணை எடுத்தா மத்த மூணும் செத்துப்போயிடும் போல இருக்கு. எல்லாரும் ஒண்ணுல நில்லு, ஒண்ணுல நில்லுங்கறாங்க. எனக்கு நிக்கத் தெரியலையே. நான் என்ன பண்ணட்டும்?"

கண் கலங்கியிருந்தது. ஒரு பட்டனைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அப்புறம் அவளே ஒரு கல்லூரியைக் கண்டுபிடித்தாள். ஒரு பகல், ஓர் இரவு ரயிலில் போகிற தூரம். வருஷத்துக்கு அறுபது பேரைத்தான் எடுப்பார்களாம். முதல் இரண்டு வருஷம் வேதியியல், பூச்சி, கணக்கு, மொழி என்று எதை வேண்டுமானாலும் சேர்த்துப் படிக்கலாம், மூன்றாம் வருஷம் முடிவு செய்தால் போதும். அதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "முடிவு பண்ணாம இருக்கறதுக்கு ஒரு காலேஜா? அதுக்கு ஒரு நாள் ரயிலா?"

அண்ணிக்குப் பிடித்த கல்லூரி இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்தது. அதன் ஹாஸ்டல் போர்வைகள் திங்கட்கிழமைதோறும் எங்களிடம்தான் வெளுக்க வரும். அந்தப் போர்வைகளைப் பார்த்தவர் யாரும் அங்கே சேர ஆசைப்பட மாட்டார்கள். அங்கே பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய பாடத்தின் பெயர் அலுவலக நிர்வாகம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் அந்தப் பாடத்தில் அண்ணிக்குப் பிடித்த ஒரே அத்தியாயம்.

ஒரு பிற்பகல் நான் உள்ளே நூல் எடுக்கப் போனபோது அண்ணி ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "கண்ணுல ஆவி பட்டுடுச்சு" என்றாள். அண்ணன் பக்கத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஆவியாம் ஆவி. பாப்பா காதுல விழுற மாதிரி அழாத. அவ வாழ்க்கை அது. அவளுக்கு எது தோணுதோ அதை எழுதட்டும்" என்று அதட்டினார். எனக்கு அன்றைக்கு அண்ணன்மேல் பெரிய மரியாதை வந்தது. இப்படி ஒரு தகப்பன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்றுகூட நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரிகளையும் பாடங்களையும் விருப்ப வரிசையில் கணினியில் பதிந்து பூட்ட வேண்டும். மார்க்கைப் பார்த்து, வரிசைப்படி எது முதலில் அமைகிறதோ அதைக் கொடுப்பார்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் பாப்பாவுக்குக் கண்வலி வந்து தொலைத்தது. இரண்டு கண்ணும் வீங்கித் திறக்க முடியாமல், தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. ஐந்து நாளைக்குத் திரை எதையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மழை வேறு பதினாறாவது நாளாகக் கொட்டுகிறது. துணி எதுவும் காயாமல் கடை முழுக்க ஈர நாற்றம்.

கடைசி நாள் காலையில் அவள் ஒரு பழைய சலவைச் சீட்டின் பின்பக்கத்தில், ஒரு கண்ணை லேசாகத் திறந்து, பெரிய பெரிய கோணல் எழுத்தில் ஆறு வரி எழுதினாள். அதையும் கடவுச்சொல்லையும் அப்பாவிடம் கொடுத்து, நாலு தெரு தள்ளி இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்கு அனுப்பினாள்.

அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு என் மிஷினைக் கடக்கும்போது நின்றார். சீட்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"பாத்தியா பட்டன்?"

என் வாயில் ஐந்தாறு குண்டூசி. மூக்கின் நுனியில் கண்ணாடி. கடைசி வரியில் போர்வைக் கல்லூரியின் பெயர் தெரிந்தது. ஓஹோ, கடைசியில் அம்மாவின் கண்ணீர்தான் ஜெயித்ததா என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன். மழைக்குள் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம் இனிப்பு பன். "என்ன விசேஷம்?" என்றாள் அண்ணி. "சும்மாதான்" என்றார். சட்டையைக் கழற்றி அண்ணி மிஷினில் போட்டுவிட்டாள். ஊரார் பாக்கெட்டையெல்லாம் தடவிப் பார்க்கிற வீட்டில் அன்றைக்குச் சொந்தப் பாக்கெட்டைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கணினியில் பதிந்ததற்கான தாள் அதற்குள்தான் இருந்தது. கூழாக வெளியே வந்தது.

"அப்பா, வரிசை சரியா சொன்னீங்கல்ல?" கண்ணில் ஈரத்துணி கட்டிக்கொண்டு படுத்திருந்த பாப்பா கேட்டாள்.

"பக்காவா சொல்லியிருக்கேன். நீ பன் தின்னு."

அன்று சாயங்காலம் அண்ணன் சீட்டியடித்துக்கொண்டே எண்பது போர்வையை ஒற்றை ஆளாக மடித்தார்.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. மழை விட்டு வெயில் தலைகாட்டியிருந்தது. சாயங்காலம் நாலு மணி. வேன் மாமா டெலிவரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். பாப்பா தன் போனை இஸ்திரி மேஜைமேல் சாய்த்து வைத்தாள். எல்லாரும் சுற்றி நின்றோம்.

'வாழ்த்துகள்! உங்கள் முதல் விருப்பமே உங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.'

"ஐயோ!" என்று பாப்பா துள்ளினாள். விரலால் திரையைக் கீழே தள்ளினாள். போர்வைக் கல்லூரியின் பெயர் வந்தது. அலுவலக நிர்வாகம்.

துள்ளினவள் அப்படியே நின்றாள். வாய் பாதி திறந்திருந்தது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன மிஷின் கத்த ஆரம்பித்தது.

"ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க? வாழ்த்துன்னுதானே போட்டிருக்கு?" என்றாள் அண்ணி.

"அம்மா, இது என் கடைசிம்மா. உனக்காக எழுதினது. இது எப்படி முதல்ல வந்துச்சு?"

திரையில் இன்னும் கீழே ஒரு வரி இருந்தது. கிடைத்ததைவிட மேலான விருப்பத்துக்கு நகர விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கட்டம். அதில், 'முதல் விருப்பம் பெற்றவர்களுக்குப் பொருந்தாது.' அதை அவள் மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். ஏற்கவோ விடவோ இன்று மாலை ஐந்து மணிவரை நேரம் என்றும் போட்டிருந்தது.

அந்தச் சீட்டை நான் பார்த்தேனே! கடைசி வரியைப் பார்த்துத் தலையை ஆட்டினேனே! அண்ணனைப் பார்த்தேன். அவர் போர்வை மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு சுவரில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர்காரன் தலைகீழா அடிச்சுத் தொலைச்சிருக்கான். இன்னிக்கு அவனுக்கு இருக்கு!" என்று வேன் மாமா கத்தினார். "எல்லாரும் வேன்ல ஏறுங்க. மச்சான், வாங்க!"

துணி மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தோம். என் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது, கழற்றக்கூடத் தோன்றவில்லை. அண்ணன்தான் கடைசியில் ஏறினார்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒல்லியான மனுஷர். மாமா மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"இன்னிக்கு என்னை அடிக்க வர்ற மூணாவது குடும்பம் நீங்க. உக்காருங்க. இந்தச் சண்டைக்குத்தான் எல்லார் சீட்டையும் பத்திரமா வச்சிருக்கேன்."

ஒரு கோப்பைப் புரட்டி எங்கள் சலவைச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆறு கோணல் வரிகள். முதல் வரியில் தூரத்துக் கல்லூரி, கடைசியில் போர்வைக் கல்லூரி. ஓரத்தில், கீழேயிருந்து மேலே போகிற ஒரு பெரிய அம்புக்குறி. அதன் அடியில் 'இங்கிருந்து தொடங்கவும்' என்று எழுதியிருந்தது. துணியில் எண் போடுகிற மையில், எத்தனை துவைத்தாலும் போகாத அந்தக் கறுப்பு மையில், அண்ணனுடைய கையெழுத்து.

மாமா ஓங்கிய கையை மெதுவாக இறக்கி, தலையைச் சொறிவதுபோல் எங்கேயோ வைத்துக்கொண்டார்.

"நான் ரெண்டு வாட்டி கேட்டேன்" என்றார் கடைக்காரர். "சார், எல்லாரும் மேலேருந்துதானே எழுதுவாங்கன்னேன். 'எங்க வீட்டுல அப்படி இல்லை, என் பொண்ணு எழுதினது எனக்குத் தெரியாதா'ன்னாரு. பூட்டறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்கன்னும் சொன்னேன். வேணாம்னுட்டாரு."

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, நம்ப முடியாமல் பார்த்தாள்.

"வெளியாள்தான் கம்ப்யூட்டர்ல அடிக்கப் போறாரேன்னு நான் வெளியாளுக்கு எழுதற மாதிரி எழுதினேன்பா. முதல் வாட்டியா மேலேருந்து எழுதினேன்."

"நம்ம வீட்டு வழக்கப்படி எழுதியிருக்கேன்னு நினைச்சேன். வெளியாளுக்குப் புரியாதேன்னு நான் புரட்டிட்டேன்" என்றார் அண்ணன்.

"சரிப்பா. ஆனா கீழேருந்து படிச்சா போர்வைக் காலேஜ்தானே முதல்ல வருது. ஒரு மாசமா நான் அந்த தூரத்துக் காலேஜ் பேரைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன். அது கடைசியில போகுதேன்னு உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

அண்ணன் மேஜைமேல் இருந்த சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். இருபது வருஷப் பழக்கம், கை தவறிவிட்டது என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

"வந்துச்சு" என்றார்.

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் அண்ணி.

"சந்தேகம் வந்துச்சு. பட்டன்கிட்டக் காட்டினேன், அவளும் தலையாட்டினா. ஆனா தெருவுல இறங்கினதுமே வந்துச்சு. இந்தப் பொண்ணு இப்படி எழுதமாட்டாளேன்னு. பாக்கெட்டுல போன் இருந்துச்சு. வீடு நாலு தெருதான். திரும்பி வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அவர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு பேசினார். "கேட்டா நீ இல்லைன்னு சொல்லிடுவ. எனக்குத் தெரியும். மழையில நடக்கறப்ப, பாப்பா நம்மகூடவே இருக்கேன்னு எழுதிட்டா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவான்னு நினைச்சுக்கிட்டே நடந்தேன். அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதைக் கெடுத்துக்க மனசு வரலை. அதான் கேக்கலை."

பாப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அண்ணிதான் முதலில் வாய் திறந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் அழுதப்ப என்னை அதட்டினீங்களே! அவ வாழ்க்கை, அவ எழுதட்டும்னு பெரிய மனுஷன் மாதிரி பேசினீங்களே! இந்தப் பாவி ஒருத்திதான் பொண்ணைப் பிடிச்சுக் கட்டிவைக்கப் பாக்கறேன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கம் கிடையாது. பன் வாங்கிட்டு வந்தீங்களே, பன்!"

"அக்கா, விடு. இனி என்ன பண்றதுன்னு பாப்போம்" என்றார் மாமா. கடைக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, இதை மாத்த வழியே இல்லையா?" என்று கேட்டார்.

கடைக்காரர் நிதானமாக விளக்கினார். கிடைத்த இடத்தை ஐந்து மணிக்குள் விட்டுவிட்டால் இரண்டாம் சுற்றுக்குப் புதுப் பட்டியல் போடலாம். மிஞ்சிய இடங்களுக்குத்தான் அது. திரையில் பார்த்துச் சொன்னார், தூரத்துக் கல்லூரியில் நாலு இடம் மிச்சம். அந்த நாலுக்கும் எத்தனை பேர் மோதுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. விட்ட இடம் திரும்ப வராது. இரண்டாம் சுற்றிலும் கிடைக்காவிட்டால் இந்த வருஷம் கல்லூரி கிடையாது.

சுவர்க் கடிகாரத்தில் நாலரை. "பாப்பா, யோசிச்சுக்கோ" என்றாள் அண்ணி. இப்போதுதான் கணவனைத் திட்டியவள், அதே மூச்சில் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பட்டியல்ல ஆறையும் போடு, பத்தையும் போடு. ஏதாவது ஒண்ணு கிடைக்கும். ஒண்ணுமில்லாம போயிடாதடி."

பாப்பா கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கினாள். சுவரோரம் திரும்பி நின்று எழுதினாள். எழுத ரொம்ப நேரம் ஆகவில்லை. மடிக்காமல் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்களே அவர்கிட்டப் படிச்சுச் சொல்லுங்கப்பா."

அண்ணன் வாங்கமாட்டேன் என்பதுபோல் கையைப் பின்னால் இழுத்தார். அவள் நீட்டிய கை அப்படியே இருந்தது. கடைசியில் வாங்கினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் முன்பக்கம் பார்த்தார்.

"பாப்பா, ஒண்ணுதான் இருக்கு."

"ஆமாம்பா."

எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. எதையும் விடமாட்டேன், நாலும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற பெண். பட்டனைக்கூட நிறம் பிரிக்க மனசு வராமல் கலந்துவைத்தவள். ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்.

"மத்த அஞ்சு?" என்றார் அண்ணன்.

"எனக்கு வேண்டியது எல்லாம் அந்த ஒண்ணுக்குள்ளயே இருக்கு. இந்த வாட்டி எப்படிப் புரட்டினாலும் மாறாது."

"கிடைக்கலைன்னா?" என்றார் கடைக்காரர்.

"ஒரு வருஷம் போர்வை துவைப்பேன். அடுத்த வருஷம் மறுபடியும் இதையேதான் எழுதுவேன்."

அண்ணன் அந்த ஒரு வரியைப் படித்தார். பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக எழுந்து நின்று வாசிக்கிற பையன் மாதிரி, எழுத்து எழுத்தாகப் படித்தார். கடைக்காரர் அடித்து முடித்து, "கிடைச்ச இடத்தை விடறதுக்குப் பெத்தவங்க சம்மதம் வேணும். உங்க போனுக்கு ஆறு எண் வரும், சொல்லுங்க" என்றார்.

போன் அண்ணன் சட்டைப்பையில் துடித்தது. எடுத்தார். "நாலு" என்றார். "ஒண்ணு. ஒண்ணு. எட்டு. மூணு." அங்கே நின்றுவிட்டார்.

மணி நாலு ஐம்பத்திரண்டு. கடைக்காரர் விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். இன்னும் ஓர் எண்தான். சொல்லாமல் எட்டு நிமிஷம் சும்மா நின்றால் போதும், பெண் வீட்டோடு இருந்துவிடுவாள். அது அவருக்குத் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சொல்லித் தொலையுங்கள் அண்ணா என்று கத்த வேண்டும்போல எனக்கு வாய் துடித்தது. பாப்பா அவரைக் கெஞ்சவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரையில் காலியாக இருந்த அந்தக் கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு" என்றார் அண்ணன்.

கடைக்காரர் தட்டினார். திரை மாறியது. வாழ்த்து இல்லை, பூங்கொத்தும் இல்லை. 'உங்கள் இடம் கைவிடப்பட்டது. இரண்டாம் சுற்றுக்கு ஒரு விருப்பம் பதிவாகியுள்ளது' என்று மட்டும் இருந்தது.

"சரியா படிச்சேனா பாப்பா?" என்று அண்ணன் கேட்டார்.

"சரியாத்தான் படிச்சீங்கப்பா" என்றாள் அவள், திரும்பாமலே.

அண்ணன் அந்தத் தாளை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, வைக்காமல் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆவி பட்டுவிட்டது என்று சொல்ல அங்கே இஸ்திரிப் பெட்டி எதுவும் இல்லை.